பாதிக் கிணறு

சண்டிலிப்பாய்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள கலா,

வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வராமல் திரும்பியது சரியில்லை. நீ சமைத்து வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் புருஷன் கோபியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். உன்னிடம் நான் கேட்கப்போவதில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன், என் மனத் தெளிவுக்காக. எங்கள் குடிநீர்க் குழுவில் இருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் கிளிநொச்சிக்கு வந்தோம். உங்கள் குளத்து நீரைக் குழாய் போட்டு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் பற்றி, இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைக்க அதிகாரிகள் கூப்பிட்டிருந்தார்கள். நான் எங்கள் ஊர்க் கிணறுகளின் பரிசோதனை முடிவுகளை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம், குளத்து நீரில் வயல் செய்கிற கமக்காரர் அமைப்பினர் அமர்ந்திருந்த வாங்கில் இருந்து, கத்தரிப்பூ நிறச் சேலையோடு ஒரு பெண் எழும்பினாள். அந்தச் சேலையை உன்னோடு கடையில் நின்று தெரிந்தெடுத்தவள் நான்.

"யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு வாளி தண்ணியும் குடுக்கேலாது. முதல்லை எங்கடை கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி வரட்டும், பிறகு பாப்பம்" என்றாய். கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த லெனாட் மாஸ்ரர் என்னிடம் குனிந்து, "ஆர் ரீச்சர் உந்தப் பொம்பிளை, நல்ல வாயாக் கிடக்கு" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தார்! அந்தச் சொல்லை நீ எங்கோ வெளியூரில் பிறந்தவள் போலச் சொன்னாய். பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலத்தில் இருந்து நீயும் நானும் அரசியலில் பிரிந்து நின்றதில்லை. நாங்கள் எங்களுக்குள் பிரிந்து நின்றால் கொழும்புக்குத்தான் வசதி என்று எனக்குச் சொல்லித் தந்தவளே நீ. இப்போது தமிழருக்குள்ளே ஒரு எல்லைக்கல்லை நட்டுவிட்டு, நீ அந்தப் பக்கம் போய் நிற்கிறாய்.

உன் கருத்தை மாற்று என்று நான் கேட்கவில்லை. அதை ஒரு ஒலிவாங்கியில் இருந்து நான் அறிந்துகொள்ள வேண்டி வந்தது ஏன் என்று மட்டும் கேட்கிறேன். எனக்குச் சிநேகிதிகள் அதிகம் இல்லை. ஒருத்தியைக்கூட எனக்குச் சரியாகத் தெரியாது என்று ஆகிவிட்டால் மிச்சம் என்ன?

தயவுசெய்து எனக்குப் போன் எடுக்காதே. எடுத்தால் "ஓம், ஓம்" என்று சொல்லி வைத்துவிடுவேன். எனக்கு வாயால் சண்டை பிடிக்க வராது. எழுது.

ரேச்சல்


சிவமயம்

கிளிநொச்சி
22.02.2025

எடி ரேச்சல்,

கணவாய்க் கறியும் முருங்கையிலை வறையும் வைச்சுப்போட்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தனான். மூண்டு மணி வரையும் இருந்தனான். இவர் "ரீச்சர் வரமாட்டா, நீர் பேசின பேச்சுக்கு நானெண்டாலும் வரமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டு உன்ரை பங்கையும் சேத்துச் சாப்பிட்டார்.

ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறாய். நீ எப்ப என்னைக் கேட்டனி? நீ எடுக்கிற போன் எல்லாம் ஜெபநேசன் அண்ணையின்ரை சிறுநீரகக் கல்லிலை தொடங்கும். பிறகு கேத்திலிலை பிடிக்கிற சுண்ணாம்புக்கு வரும். கடைசியிலை "குளத்துத் தண்ணி வந்தால்தான் எங்களுக்கு விடிவு, என்ன கலா?" எண்டு முடிப்பாய். அந்த "என்ன கலா"வுக்கு நான் என்னெண்டு இல்லை எண்டு சொல்லுறது? உன்ரை மனிசன் தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை நோவிலை கிடக்கேக்கை, "அண்ணை கிடக்கட்டும், எங்கடை ஊர் வயல் காயுது" எண்டோ சொல்லுறது? சொல்லேலாமல்தான் விட்டனான். பேசாமல் இருந்ததை நீ சம்மதம் எண்டு எடுத்துப்போட்டாய். உனக்கு எல்லாரும் வகுப்புப் பிள்ளையள் எண்ட நினைப்பு.

நான் இஞ்சை கலியாணம் கட்டி வந்து இருவது வரியத்துக்கு மேலை. பூரணம் அக்கா எண்டு ஒராள் இருக்கிறா. அவவின்ரை வயல் கடைசி வாய்க்காலிலை. நல்ல மழை பெய்ஞ்ச வரியத்திலையும் கோடையிலை செய்யிற சிறுபோகத்துக்கு அவவின்ரை வரம்புக்குத் தண்ணி வாறது சந்தேகம். உங்கடை ஆக்கள் பைலோடை வந்து, குளத்திலை தண்ணி சும்மா கிடக்கிற மாதிரிக் கதைக்கேக்கை நான் அவவைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். அவ வாய் திறக்கேல்லை. உங்கடை இங்கிலீசுச் சொல்லுகளுக்குப் பயந்துபோய் இருந்தா. அதாலைதான் நான் எழும்பினனான்.

தொண்ணூற்றைஞ்சிலை இடம்பெயர்ந்து கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வந்து இறங்கேக்கை, ரண்டு குடும்பத்துக்கும் செம்பிலை தண்ணி தந்தது இந்தச் சனம்தான். நீ மறந்திருக்க மாட்டாய். தந்தவையெண்டதுக்காகக் குளத்தையும் கேக்கிறதோ?

இன்னொண்டு சொல்லுறன், கோவிக்காதை. கோவிச்சாலும் பரவாயில்லை. யாழ்ப்பாணத்திலை நல்ல தண்ணி இல்லாமல் இருந்ததோ? யூரியாவைக் கொட்டிக் கொட்டி உங்கடை கிணத்தை நீங்களே கெடுத்துப்போட்டு, இப்ப எங்கடை குளத்தைக் கேட்டு வாறியள். உதை நான் கூட்டத்திலை சொல்லேல்லை. நீ இருந்தபடியால் சொல்லேல்லை.

கலா


சண்டிலிப்பாய்
2 மார்ச் 2025

கலா,

"உங்கடை கிணறு" என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கிணறு என்று யோசித்து எழுதினாயா?

எங்கள் வளவுக்கும் உன் காணிக்கும் கிணறு ஒன்றுதான். இரண்டு காணி உறுதிப் பத்திரத்திலும் அரைப் பங்கு, வழி வாய்க்கால் உரிமையோடு என்று எழுதியிருக்கிறது. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் உங்கள் முறை. உன் அப்பா சீதனமாகத் தந்த அந்தக் காணியை நீ விற்கவில்லை, குத்தகைக்குக் கொடுத்திருக்கிறாய். இராசநாயகம் அண்ணை அதில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் மாறி மாறிச் செய்கிறார். யூரியா மூட்டை எங்கள் படலையைத் தாண்டித்தான் போகிறது. கூட்டத்தில் நான் வாசித்த முடிவுகளில் நைத்திரேற்று மிகக் கூடிய கிணறு எது தெரியுமா? அது எங்களுடையது. அதாவது, பாதி உன்னுடையது. பெயரைச் சொல்லாமல் இலக்கத்தை மட்டும் வாசித்தேன். நீ இருந்தபடியால் சொல்லவில்லை.

ஆகவே, கெடுத்த அந்த "நீங்கள்" யார் என்று எனக்கு எழுது. யாழ்ப்பாணத்தார் என்றால் அதில் நீயும் இருக்கிறாய். குத்தகையை வாங்கும்போது யாழ்ப்பாணத்தாளாகவும் ஒலிவாங்கிக்கு முன்னால் கிளிநொச்சியாளாகவும் இருக்க முடியாது.

கிளாலியை நான் மறக்கவில்லை. அவர்கள் அன்று எங்களிடம் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத் தரவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கிறேன்.

வகுப்புப் பிள்ளைகள் பற்றி நீ எழுதியது உண்மையாக இருக்கலாம். ஜெபநேசனிடம் கேட்டேன். "இருக்கலாமோ?" என்று சொல்லிவிட்டு உடனே முற்றத்துக்குப் போய்விட்டார்.

ரேச்சல்


சிவமயம்

கிளிநொச்சி
21.03.2025

ரேச்சல்,

உன்ரை கடிதத்தை வாசிச்சுப்போட்டு ஒரு கிழமை கோவமாய் இருந்தனான். அடுத்த கிழமை வெக்கமாய் இருந்தது. இப்ப ரண்டும் கலந்து கிடக்கு, அதோடைதான் எழுதிறன்.

உண்மையைச் சொன்னால், அந்தக் காணி எனக்கு அப்பாவின்ரை பேர் மாதிரி ஒண்டு. இருக்கு எண்டு தெரியும், போய்ப் பாக்கிறேல்லை. இராசநாயகம் அண்ணை அதிலை என்ன போடுறார், என்ன தெளிக்கிறார் எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. இவருக்கு வாசிச்சுக் காட்டினன். "ரீச்சர் சரியான இடத்திலைதான் குத்தியிருக்கிறா" எண்டு சிரிக்கிறார். அண்டைக்கு அவருக்குச் சோறு நான் போடேல்லை, தானே போட்டுச் சாப்பிட்டார்.

ஆனால் கேள். என்ரை கிணறு கெட்டது என்ரை பிழை எண்டால், அதுக்குப் பூரணம் அக்காவின்ரை வயல் ஏன் காயவேணும்? உதுக்கு நீ பதில் எழுதேல்லை.

ஏப்ரல் மூண்டாந் திகதி எங்கடை சிறுபோகக் கூட்டம். குளத்திலை கிடக்கிற தண்ணிக்கு எத்தினை ஏக்கர் விதைக்கலாம், ஆர் ஆர் விதைக்கிறது எண்டு எல்லாரும் கூடி முடிவெடுக்கிறது. வா. உங்கடை குழுவோடை வராதை, பைலும் கொண்டு வராதை. எனக்குப் பக்கத்திலை சும்மா இரு. மனம் மாறவேணும் எண்டு கூப்பிடேல்லை. நான் எங்கை இருக்கிறன் எண்டு நீ ஒருக்கா வந்து பாக்கவேணும் எண்டுதான் கூப்பிடுறன். இத்தினை வரியமாய் நீ வந்து என்ரை விறாந்தையிலை இருந்திட்டுப் போறனியே தவிர, எங்கடை வாய்க்காலைக்கூடப் பாத்ததில்லை.

கலா


சண்டிலிப்பாய்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள கலா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டித் தந்த பாணிப் பனாட்டை ஜெபநேசன் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்.

அன்று பஸ்ஸில் இருக்கும்போதே இதை எழுத நினைத்தேன். நீ நேரில் கேட்டபோது "நல்லாய் இருந்தது" என்று மட்டும் சொன்னேன். உனக்கு அது போதாது என்று முகத்தில் தெரிந்தது.

இப்படி ஒரு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி சொல்வதை எல்லோரும் கேட்டுக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்து வந்தேன். அங்கே அதிகாரிக்கு வாய் திறக்க இடமில்லை. தண்ணீர் குறைவு, முழு வயலும் விதைக்க முடியாது என்றதும் சத்தம் தொடங்கியது. மேல்வாய்க்கால்காரர் தங்கள் வயலைத் தாங்கள் முழுக்க விதைக்க வேண்டும் என்றார்கள். கடைசி வாய்க்கால்காரர், மேலே இருக்கிற நிலத்தை இந்த ஒரு போகத்துக்கு எல்லாக் குடும்பத்துக்கும் பிரித்துத் தரவேண்டும் என்றார்கள். அடுத்தவன் நிலத்தில் போய் விதைத்து, அறுத்து, திரும்பக் கொடுப்பது! நான் புவியியல் படிப்பிக்கிறேன். இதைப் பற்றி ஒரு பந்தி வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போது அதில் இவ்வளவு கெட்ட வார்த்தைகள் இருக்கவில்லை.

கைதூக்கச் சொன்னபோதுதான் எனக்குக் கதை விளங்கியது. உங்கள் வயல் மேல்வாய்க்காலில். கோபி கையைத் தூக்கவில்லை. நீ தூக்கினாய். உங்கள் சொந்த வயலில் பாதியை வேறு ஆட்களுக்குக் கொடுக்கக் கை தூக்கினாய். கோபி என்னைப் பார்த்து, "பாத்தியளே ரீச்சர், வீட்டுக்குள்ளையே எதிர்க்கட்சி" என்றார். ஆனால் அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை. இதற்கு அவர் பழகிவிட்டார் போல.

பிறகு வெளியே பிளேன்ரீ குடிக்கும்போது பூரணம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீங்கள் ஆர்?"

"கலாவின்ரை சிநேகிதி."

"எந்த ஊர்?"

"சண்டிலிப்பாய்."

"ஐயோ, யாழ்ப்பாணமே? பிள்ளையள், தண்ணிப் போத்திலை எல்லாம் ஒளியுங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெப்ரவரியில் லெனாட் மாஸ்ரருக்குத் தெரியாது என்று சொன்ன வாயால் அன்று உன் பெயரைச் சொன்னது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இனி அரசியல். நான் மாறவில்லை. குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்து, கதவைத் திறந்து கடலுக்கு விடுகிற வருடங்களும் உண்டு. அந்தத் தண்ணீரைக் குழாயில் விட்டால் யாருடைய வரம்பும் காயாது. இதை அங்கேயே உன்னிடம் சொல்ல நினைத்து, ஒரு போகத்துக்கே அவ்வளவு சண்டையைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். குழாயைப் போட்ட பிறகு வான் பாயாத வருடத்தில் அதை யார் பூட்டுவது என்று நீ கேட்பாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதை எங்கள் குழுவில் அடுத்த முறை சொல்லப் போகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். நீ எல்லைக்கல் நட்டுவிட்டாய் என்று எழுதினேன். அதைத் திரும்ப எடுக்கிறேன். வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவரின் பக்கம் நீ நிற்கிறாய். உன் புருஷனின் வயல் என்றாலும் அங்கேதான் நிற்கிறாய். இவ்வளவு காலம் அது எனக்குத் தெரியாமல் இருந்தது என்பதுதான் என் மனத்தாங்கல்.

அன்புடன்,
ரேச்சல்


சிவமயம்

கிளிநொச்சி
19.04.2025

என்ரை ரேச்சல்,

வரியப்பிறப்பு நல்லாய்ப் போச்சு. பூரணம் அக்கா இந்தமுறை எங்கடை வயலிலை விதைக்கிறா. வரம்பிலை நிண்டு இவருக்கு உழவு பழக்கிறா. இவர் கடுப்பிலை திரியிறார்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. இராசநாயகம் அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். இப்ப நிக்கிற மிளகாயோடை குத்தகை சரி. அதுக்குப் பிறகு காணியைச் சும்மா விடப்போறன். ஒரு கொட்டை யூரியாவும் உள்ளுக்கை போகாது. நாலைஞ்சு மாரி போனால் கிணறு கழுவுப்பட்டு வருமெல்லோ? உனக்கு அது தெரியும், நீதானே படிப்பிக்கிறனி.

அவர் "சரி பிள்ளை" எண்டார். குரல் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் நீயும் ஜெபநேசன் அண்ணையும் குடிக்கிற தண்ணியெல்லோ. குளத்துத் தண்ணி நான் தரமாட்டன். கிணத்துத் தண்ணியையாவது திருத்தித் தாறன்.

இதை எழுதேக்கை எனக்குச் சந்தோசமாய் இருக்கு.

கலா


சண்டிலிப்பாய்
27 ஏப்ரல் 2025

கலா,

உன் நல்ல செய்தி நேற்றுப் பின்னேரம் சைக்கிளில் வந்து எங்கள் படலையில் நின்றது. உள்ளே வரச் சொல்லியும் இராசநாயகம் அண்ணை வரவில்லை.

"ரீச்சர், நீங்கள் சொல்லித்தானோ கலாப்பிள்ளை என்னைக் காணியை விட்டு எழும்பச் சொல்லுது?"

"இல்லை அண்ணை. நான் அப்படிச் சொல்லவில்லை."

"நான் கிணத்தைக் கெடுக்கிறன் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். உரம் போடாமல் வெங்காயம் வைக்கச் சொல்லுங்கோ, வைக்கிறன். பிறகு அதை ஆர் வாங்குறது? நீங்கள் வாங்குவியளோ, சின்னிவிரல் மாதிரி வெங்காயத்தை?"

வாங்கமாட்டேன். நேற்றுக் காலையில்கூடச் சந்தையில் பெரியதாகப் பார்த்துத்தான் பொறுக்கினேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவருக்கு வேறு காணி இல்லை, கலா. இந்தப் பக்கத்தில் இப்போது குத்தகைக்கும் எடுக்க முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் காணிகளை வாங்கி மதில் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். அவருடைய மிளகாய் முழங்காலுயரம் நிற்கிறது, நன்றாக நிற்கிறது. நான் என்னையறியாமல் சொன்னேன்: "ஒருத்தரும் எழும்பத் தேவையில்லை அண்ணை. முதலில் உங்கள் கன்றுக்குத் தண்ணி போகட்டும், பிறகு பார்ப்போம்."

விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஜெபநேசன் நிமிர்ந்தார். "உது கலாவின்ரை பேச்செல்லோ? மைக் ஒண்டு கொண்டு வரட்டோ?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விவசாயியின் பக்கம் நிற்கிற நீ, குடிக்கிற எனக்காக ஒரு விவசாயியை எழுப்புகிறாய். குடிதண்ணீருக்காகக் கோப்போடு திரிகிற நான், அந்தத் தண்ணீரைக் கெடுக்கிறவருக்காகப் படலையில் நின்று வாதாடுகிறேன். படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இராசநாயகம் அண்ணை பயந்துவிட்டார்.

பிறகு மூன்று பேரும் கிணற்றடியில் நின்று கதைத்தோம். கிணற்றைச் சுற்றி உள்ள துண்டில் இனி வெங்காயம் இல்லை. அதில் வாழை வைப்பார், எருவோடு. மற்ற இடத்தில் யூரியாவைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பார். எவ்வளவு குறைப்பார் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிணறு திருந்தும் என்பதிலும் பெரிய நம்பிக்கை இல்லை. சுண்ணக்கல்லுக்குள் ஓடுகிற தண்ணீர் எந்த உறுதியையும் வாசிப்பதில்லை. அயலில் எல்லோரும்தான் போடுகிறார்கள். பரிசோதனை முடிவு வந்த பிறகு குடிக்க நாங்கள் வடித்த தண்ணீர் வாங்குகிறோம். அது தொடரட்டும். நீ அவருக்கு இன்றைக்கே போன் எடுத்து, இருங்கோ என்று சொல். என் சொல்லை அவர் முழுக்க நம்பவில்லை. காணி உன்னுடையது.

குழுவில் என் ஐயத்தைச் சொன்னேன். வான் பாய்கிற காலத்துத் தண்ணீரை மட்டும் கேட்போம், பூட்டுகிற உரிமை கமக்காரருக்கு இருக்கட்டும் என்றேன். லெனாட் மாஸ்ரர், "ரீச்சர், அந்தப் பொம்பிளை உங்களையும் பேய்க்காட்டி ஏமாத்திப்போட்டா" என்றார். அவ என்ரை சிநேகிதி என்று சொன்னேன். அவர் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

நீ வென்றுவிட்டதாக நினைக்காதே. குழாய் வேண்டும் என்றுதான் இன்னும் சொல்கிறேன்.

ரேச்சல்


சிவமயம்

கிளிநொச்சி
05.05.2025

எடி ரேச்சல்,

இராசநாயகம் அண்ணைக்கு அண்டைக்கே போன் எடுத்திட்டன். "ரீச்சர் ஏன் பிள்ளை அப்பிடிச் சிரிச்சவ, சுகமில்லையோ?" எண்டு கேட்டார். அவ படிச்சவ, இடைக்கிடை அப்பிடித்தான் எண்டு சொன்னன்.

நாளைக்கு உள்ளூராட்சி எலெக்சன். உங்களுக்கும் நாளைக்குத்தான். வழமையாய் முதல் நாள் போன் எடுத்து, "நாங்கள் உவைக்குத்தானே போடுறம்?" எண்டு கேப்பன். இந்தமுறை கேக்கேல்லை. நீ ஆருக்குப் போட்டாலும் முடிவு வந்தாப் பிறகு எனக்கு எழுது. நான் ஆருக்குப் போட்டனான் எண்டு நானும் எழுதிறன். நீ கதிரையிலை இருந்து வாசி.

உன்ரை கடைசிக் கடிதத்தை எங்கடை கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலை வாசிச்சுப்போட்டன். உன்னைக் கேக்காமல்தான். என்னைப் பேசாதை. பூட்டுகிற உரிமை எண்ட இடத்தைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டினம். சிலபேர் தலையாட்டினவை. சிலபேர் உதெல்லாம் சொல்லேக்கை இனிக்கும், குழாய் வந்தாப் பிறகு ஆர் எங்களைக் கேக்கிறது எண்டவை. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் முதல் தரமாய், அடுத்த கூட்டத்துக்கு உங்கடை ஆக்களை நாங்களே கூப்பிடுறது எண்டு முடிவெடுத்திருக்கிறம். கடிதம் வரும். லெனாட் மாஸ்ரருக்கும் ஒரு கதிரை போடுறம்.

கூட்டம் முடிய பூரணம் அக்கா எழும்பி, "உந்தச் சண்டிலிப்பாய் ரீச்சர் நல்ல பிள்ளை, கலா. அவவை எங்கடை பக்கம் எடுத்துப்போடு" எண்டா.

நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அவ அங்கையே இருக்கட்டும் அக்கா, இந்தப் பக்கத்திலை எனக்கு நிறையப் பேர் இருக்கினம், அந்தப் பக்கத்திலை எனக்கு அவ ஒராள்தான் எண்டன்.

கலா